மாணிக்கக் குழி வேலைமுறையப் பதிவு பண்ணிப் பாதுகாக்குறது எப்படி? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முழு வழிகாட்டி

பொகவந்தலாவை, பலாங்கொடை, இறக்குவானை, இரத்தினபுரி பக்கம் கையால வெட்டுற மாணிக்கக் குழி இன்னும் இருக்கு. ஆனா மண் வெட்டுற பெக்கோ மெஷின் வந்த இடத்துல எல்லாம் குழிச் சுவரத் தாங்க மரம் அடிக்கிறது, தபரேங்கிற உருளையச் சுத்தி மண் இழுக்கிறது, வட்டிங்கிற கூடையில அரிக்கிறதுன்னு ஒவ்வொண்ணா கை விட்டுப் போகுது. இத எப்படியாவது பதிஞ்சு வைக்கணும்னு நினைக்கிற ஸ்கூல் டீச்சர்மார், கெம்பஸ் பிள்ளைங்க, ஊர்ல இருக்கிற சங்கங்கள் எல்லாருக்குமா இத எழுதுறேன். வேலைய எந்த வரிசையில செய்யணும், எங்க எல்லாரும் தடுக்கி விழுறாங்கங்கிறதுதான் இதுல முக்கியம்.

1. என்னத்தக் காப்பாத்தப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் நேரா சாமான் சேர்க்கத்தான் ஓடுறாங்க. ஒரு பழைய தபரே, ரெண்டு வட்டி, நாலு மண்வெட்டி கொண்டாந்து ஒரு ஹோல்ல அடுக்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. குழிக்குள்ள இறங்காத ஒரு பிள்ளை அதப் பார்த்தா, ஒரு உருளைக்கட்டை, ஒரு கூடை, அவ்வளவுதான் தெரியும்.

குழிங்கிறது நிக்கிற கட்டடம் கிடையாது. வேலை முடிஞ்சா மண்ணப் போட்டு மூடியே ஆகணும், அதுக்காகத்தான் லைசன்ஸ் குடுக்கும்போதே ஒரு வைப்புப் பணத்த வாங்கி வச்சிக்கிறாங்க, மூடினதக் காட்டினாத்தான் அது திரும்பக் கிடைக்கும். உள்ளுக்கு அடிச்ச மரத்துல நல்லதக் கழட்டி எடுத்துருவாங்க, மிச்சம் மண்ணோட மக்கிரும், பம்ப் அடுத்த குழிக்குப் போயிரும். அதனால மிஞ்ச வைக்கக் கூடியது வேலையோட வரிசை மட்டும்தான், எதுக்குப் பிறகு எது, ஏன் அப்படிங்கிறது.

வரிசை தொலைஞ்சா என்ன ஆகும்னு பார்க்க வெளியூர் போகத் தேவையில்ல. பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவயில காத்து அடிக்கிற சரிவுல கட்டின ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய இரும்பு உருக்குற உலைகள் கிடைச்சது. சுவர் அடிப்பாகமும் கசடும் இருந்துச்சு, எப்படி உருக்கினாங்கன்னு சொல்ல ஆள் இல்ல. கில் ஜூலெஃப்ங்கிற ஆய்வாளர் 1990கள்ல அதே மாதிரி உலையக் கட்டி, தென்மேல் பருவக்காத்துல நெருப்பப் போட்டுப் பார்த்துத்தான், துருத்தி இல்லாம காத்தாலயே நல்ல இரும்பு எடுக்க முடியும்னு காட்டினாங்க. மாணிக்கக் குழிக்கு இன்னும் அந்த நிலைமை வரல, கேட்டா சொல்ல ஆள் இருக்காங்க.

அதனால மூணு கொப்பி போடுங்க: ஒண்ணு வேலை வரிசைக்கு, ஒண்ணு சாமானுக்கு, ஒண்ணு பேச்சுக்கு. நேரமோ காசோ பத்தலன்னா சாமான் கொப்பிய விடுங்க, வரிசைக் கொப்பிய விடாதீங்க.

2. அனுமதி: யார்கிட்ட முதல்ல, யார்கிட்ட பிறகு

முதல்ல குழியில வேலை செய்யிற ஆளுங்க. பிறகு லைசன்ஸ் வச்சிருக்கிறவர். பிறகு காணிக்காரர். கடைசியாத்தான் கந்தோர். நிறையப் பேர் இதத் தலைகீழாச் செய்யிறாங்க, ஒரு பெரிய கடிதத்தோட முதலாளியப் பிடிச்சு அவர் சொல்லி உள்ளுக்குப் போறாங்க, அப்படிப் போனா வேலையாட்கள் உங்கள முதலாளியோட ஆளாத்தான் பார்ப்பாங்க, வாய் திறக்க மாட்டாங்க. குழியில எல்லாருக்கும் பங்கு இருக்கு, காணிக்கு ஒரு பங்கு, பம்புக்கு ஒரு பங்கு, வெட்டுறவங்களுக்கு ஒரு பங்குன்னு. ஒரு பங்குக்காரருக்குப் பிடிக்கலன்னாலும் உங்க வேலை நடக்காது.

லைசன்ஸ் குடுக்கிறது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை, 1993ஆம் ஆண்டு 50ஆம் இலக்கச் சட்டத்துல உண்டானது. லைசன்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்கணும். திகதியப் பாருங்க, பாதி வேலையில லைசன்ஸ் முடிஞ்சா உங்க பதிவும் பாதியில நிக்கும்.

லைசன்ஸ் இல்லாத குழிக்குப் போகாதீங்க. களவா வெட்டுற குழியில மரம் ஒழுங்கா அடிக்க மாட்டாங்க, அதோட நீங்க எடுக்குற போட்டோவே அந்த ஆளுங்கள மாட்டி விடும். கெசல்கமு ஓயாப் பக்கம் களவா வெட்டுறதால ஆத்தங்கரை எல்லாம் இடிஞ்சு கிடக்கு. அதப் பத்தி எழுதணும்னா அது வேற வேலை, வேற முறை.

தொல்பொருள் திணைக்களம் இதப் பார்த்துக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அடிப்படையா வச்ச கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தத்து நாள். அதுக்குப் பிந்தின தபரேயோ, பம்ப் எஞ்சினோ, தேயிலை ஸ்டோர் ரோலரோ பழசுங்கிற காரணத்துக்காக மட்டும் தானாப் பாதுகாப்புக்குள்ள வந்துராது. இரும்புக் கடைக்காரர் அதுக்கு முந்தி வந்துருவார். அதனாலதான் ஊர் ஆளுங்களே செய்ய வேண்டியிருக்கு.

சம்மதத்த எழுத்துல வாங்குங்க, தமிழ்லயும் சிங்களத்துலயும் அரைப் பக்கம் போதும். பேர் போடலாமா, முகம் காட்டலாமா, குரல் வெளியிடலாமான்னு மூணையும் தனித்தனியாக் கேளுங்க. ஒண்ணுக்கு ஓம்னா மத்ததுக்கும் ஓம்னு எடுத்துக்கக் கூடாது.

குழிக்கு முறை இருக்கு. செருப்பக் கழட்டிட்டுத்தான் மேட்டுல ஏறணும். பஹிரவன், சமன் தெய்யோங்கிற காவல் தெய்வங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் கமராவ எடுக்குறதுக்கு முந்தி கேக்கணும். பெண்கள் குழிப்பக்கம் வரக் கூடாதுங்கிற வழக்கம் நிறைய இடத்துல இன்னும் இருக்கு. உங்க டீம்ல பெண்கள் இருந்தா முன்னுக்கே பேசிக்குங்க. குழி மேட்டுல வச்சு அத விவாதமாக்குனா அன்னைக்கு வேலை மட்டுமில்ல, அந்தக் குழியே உங்களுக்குப் போயிரும். வீட்டுல பேச்சப் பதியிறது, படம் வரையிறது, சாமான் பராமரிக்கிறது எல்லாம் இதே அளவுக்குப் பெரிய வேலை. அதுல பெண்கள் கேட்டா வர்ற விபரம் ஆம்பளைங்க கேட்டா வராத நேரமும் இருக்கு.

3. கையில இருக்க வேண்டியது

பெரிய கமரா தேவையில்ல. நல்ல போன் ஒண்ணு, பவர் பேங்க், 5 மீட்டர் டேப் ஒண்ணு, 30 மீட்டர் டேப் ஒண்ணு, 10 சென்டிமீட்டருக்கு ஒரு தரம் கறுப்பு வெள்ளை பெயின்ட் அடிச்ச ஒரு மீட்டர் குச்சி, பென்சில், சதுரக்கோட்டுக் கொப்பி, நூல் கட்டின அட்டைகள், நெத்தி லைட், ஹெல்மட். பேனா வேணாம், ஈரத்துல மை ஓடிரும், பென்சில் ஓடாது.

அந்தக் குச்சிய எல்லா முக்கியமான போட்டோவுலயும் வைங்க. அளவு இல்லாத படத்த வச்சு பிறகு ஒருத்தர் அந்த மரத்தையோ தபரேயையோ திரும்பச் செய்ய முடியாது.

முக்கியமா ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். குழி வேலைப் பேச்சு முக்கால்வாசி சிங்களம், தமிழ் ஆளுங்களும் இல்லம (கல்லு இருக்கிற சரளை), மலவ (அதுக்குக் கீழ மக்கின பாறை), நம்புவ (அரிச்சு மிஞ்சுறது)ன்னுதான் சொல்றாங்க. அதத் தமிழ்ப்படுத்தி எழுதாதீங்க, அவங்க சொன்ன சொல்ல அப்படியே எழுதிட்டுப் பக்கத்துல விளக்கம் போடுங்க.

4. குழி திறக்க முந்தியே போயிருங்க

இதுதான் எல்லாரும் விடுற இடம். அரிக்கிற நாள் அன்னைக்குக் கமராவத் தூக்கிட்டுப் போறாங்க, கூட்டம் இருக்கும், படம் நல்லா வரும். ஆனா குழியோட அறிவு முழுக்க அதுக்கு முந்தியே செலவாகி முடிஞ்சிருக்கும்.

இடம் பார்க்குறதுல இருந்து தொடங்குங்க. கூரன்னு ஒரு நீளமான மெல்லிய இரும்புக் கம்பி, அத மண்ணுக்குள்ள இறக்கி, கைக்கு வர்ற அதிர்வையும் சத்தத்தையும் வச்சு கீழ சரளை இருக்கான்னு பார்ப்பாங்க. வெளியில எடுத்து நுனியில விழுந்த கீறலையும் பார்ப்பாங்க. வீடியோ எடுக்கும்போது ஆளோட முகத்த விட்டுட்டுக் கையையும் கம்பி நுனியையும் எடுங்க. சத்தம் தெளிவா விழணும், அதனால போன் கம்பிக்குக் கிட்ட இருக்கணும், யாரும் பேசக் கூடாது.

வெட்ட முந்தி அந்த நிலத்த நாலு பக்கமும் நின்னு படம் எடுங்க, ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமா வச்சுக்குங்க. கடைசியில மூடின பிறகு அதே இடத்துல நின்னு திரும்ப எடுக்கணும், அதுக்குத்தான்.

மழைக் கணக்கப் பாருங்க. இரத்தினபுரிப் பக்கம் மே மாசத்துல இருந்து தென்மேல் மழை பிடிச்சா குழியில தண்ணி இறைக்கவே நேரம் போயிரும். ஜனவரி, பெப்ரவரி, மார்ச்ல வேலை நடக்குற குழிய எடுத்தா முழு வட்டத்தையும் பார்க்கலாம். வயல் காணின்னா விதைப்பு அறுவடையும் சேரும், அத காணிக்காரர்கிட்டக் கேளுங்க.

5. இறங்குறதுக்கு முந்தி

நீங்க இறங்கித்தான் ஆகணும்னு இல்ல. வேலை செய்யிற ஒருத்தர்கிட்ட போனையும் லைட்டையும் குடுத்து எடுக்கச் சொல்லலாம், அவங்களுக்கு எது முக்கியம்னு தெரியிறதால நிறைய நேரம் உங்கள விட நல்லா எடுப்பாங்க.

இறங்குறதா இருந்தா மெழுகுதிரி முறையப் புரிஞ்சுக்குங்க. திரி மங்குனாலோ அணைஞ்சாலோ ஒட்சிசன் குறைவுன்னு அர்த்தம், உடனே மேல வரணும். ஆனா இதுல ஒரு பொறி இருக்கு: எஞ்சின் புகையில வர்ற காபன் மொனொக்சைட் ஆளக் கொல்லுற அளவுக்கு இருந்தாலும் திரி எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால பம்ப் எஞ்சின் குழிக்குள்ளயோ வாய்க்குப் பக்கத்துலயோ ஓடுனா, திரி என்ன சொன்னாலும் இறங்காதீங்க.

ராத்திரி மழை பெஞ்ச காலையில இறங்காதீங்க. ரெண்டு மூணு நாள் நின்னு போயிருந்த குழியிலயும் முதல் ஆளா இறங்காதீங்க. மேல எப்பவும் ஒருத்தர் நிக்கணும், அவர் போட்டோ எடுக்கக் கூடாது, உங்களப் பார்க்குறது மட்டும்தான் அவருக்கு வேலை.

6. மரவேலை: இதுக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும்

குழியத் தாங்குறது மரம். பார்க்குறவங்க கண்ணுக்கு இது வெறும் கட்டைகளாத்தான் தெரியும், அதனாலயே பதிவுகள்ல ஒரு வரியில முடிஞ்சிருது. ஆனா என் கணக்குல இந்தத் தொழில்ல பெரிய அறிவு இங்கதான் இருக்கு, ஏன்னா சேத்து மண்ணுல, தண்ணி ஊறிக்கிட்டே இருக்கிற இடத்துல, ஒரு ஆணி கூட இல்லாம நாலு சுவரையும் நிக்க வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

முறை இப்படி. குழி நீள்சதுரமா இறங்கும். ஒரு அளவு ஆழம் போனதும் சுத்தி வரக் கட்டைகளப் படுக்க வச்சு ஒரு சட்டம் போடுவாங்க, எதிரெதிர்ச் சுவர்க் கட்டைகளுக்கு நடுவுல குறுக்குக் கட்டை இறுக்கி அடிப்பாங்க. சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல குச்சிகளச் சொருகி, அதுக்குப் பின்னால கெக்கில்லங்கிற பன்னத்தழைய அடைப்பாங்க. தழை தண்ணிய வடிய விடும், மண்ண விடாது. தண்ணி வடியலன்னா பின்னால அழுத்தம் ஏறி மரம் வெடிச்சிரும். குறுக்குக் கட்டைகளே ஆளுங்க ஏறி இறங்குற படியாவும் இருக்கும்.

பதியிற முறை:

ஒவ்வொரு சட்டத்துக்கும் மேல இருந்து கீழ 1, 2, 3ன்னு இலக்கம் குடுங்க. ஒவ்வொரு சட்டம் போட்ட அன்னைக்கும் ஆழம், திகதி, மண்ணு நிறம், என்ன மரம், எவ்வளவு தடிப்புன்னு எழுதுங்க. கடைசியில ஒரே நாள்ல எல்லாத்தையும் அளக்கலாம்னு விட்டுராதீங்க, கீழ போன பிறகு மேல் சட்டத்துக்குப் பின்னால இருக்கிற தழையும் குச்சியும் கண்ணுக்குத் தெரியாது.

அவங்க அளவுல முதல்ல எழுதுங்க. அடிக்கணக்குல சொன்னா அடி, முழத்துல சொன்னா முழம், அலவாங்கு நீளம்னு சொன்னா அதையும் எழுதிட்டு அந்த அலவாங்க அளந்து மீட்டர்ல பக்கத்துல போடுங்க. ஏன் அந்த இடைவெளின்னு கேட்டா பல பேர் அலவாங்குக் கணக்குலதான் பதில் சொல்வாங்க, நீங்க நேரா மீட்டர்ல எழுதுனா அந்தக் காரணம் போயிரும்.

எந்தக் கட்டை முதல்ல, எது கடைசியா இறுகுதுங்கிறதுக்கு ஒரு சட்டம் போடுறத ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே ஷொட்ல, போன ஆட்டாம மேல ஒரு கம்புல கட்டி வச்சு எடுங்க. வெட்டி ஒட்டின வீடியோ அழகா இருக்கும், ஆனா அதப் பார்த்து ஒருத்தர் சட்டம் போட ஏலாது. நீள வீடியோவ யார் பார்ப்பாங்கன்னு கேக்குறாங்க, திரும்பச் செய்யப் போறவர் பார்ப்பார்.

பிறகு மூணு படம் வரைஞ்சுக்குங்க: மேல இருந்து பார்க்குற மாதிரி ஒண்ணு, பக்கவாட்டு வெட்டு ஒண்ணு, ஒரு மூலையப் பெரிசாக்கி ஒண்ணு. மூலைப்படம் இல்லாத பதிவு அரைப் பதிவுதான். கை வளையலன்னாலும் வரைங்க, போட்டோவுல இருட்டும் சேறும்தான் விழும். வரைஞ்சதக் கொண்டுபோய் மரம் அடிச்ச பாஸ் உன்னஹேகிட்ட (மூத்த வேலைக்காரர சிங்களத்துல மரியாதையா இப்படித்தான் சொல்வாங்க) காட்டுங்க. "இது பிழை, இந்தக் கட்டை அதுக்கு உள்பக்கம்"னு அவர் பென்சில வாங்கித் திருத்துறாரே, அந்தத் திருத்தத்த அழிக்காம அப்படியே வைங்க.

7. தண்ணியும் தபரேயும்

தபரேங்கிறது ரெண்டு கவட்டைக் கால் மேல படுக்க வச்ச உருளை, ரெண்டு பக்கமும் கைப்பிடி, கயிறு சுத்தி மண்ணையும் தண்ணியையும் மேல இழுக்கிறது. போகல, கஹட்டகஹங்கிற இடங்கள்ல இருக்கிற காரீய (பென்சில் கரி) சுரங்கத்துப் பக்கமும் பழைய காலத்துல இதத்தான் சுத்துனாங்க, அதனால ரெண்டு தொழிலையும் சேர்த்துப் பார்க்கிறவங்களுக்கு இந்த அளவுகள் ரொம்பப் பெறுமதி.

உருளையோட சுத்தளவு, நீளம், கைப்பிடியோட நீளம், தரையில இருந்து உருளைக்கு உயரம், கயிறு எத்தன சுத்து, தூக்குற பாரம். இதுல கைப்பிடி நீளமும் உருளையோட தடிப்பும் இல்லன்னா எவ்வளவு பலம் மிச்சமாகுதுன்னு கணக்கே போட முடியாது. தேஞ்ச இடத்தையும் கிட்ட வச்சு எடுங்க. கயிறு எங்க உரசுச்சு, கை எங்க பிடிச்சுதுன்னு அந்தத் தேய்மானம்தான் சொல்லும்.

பம்ப் ஓடுற குழின்னா மெஷின்ல இருக்கிற பேர்த்தகட்டப் போட்டோ எடுங்க, பம்ப் இல்லாத காலத்துல என்ன செஞ்சாங்கன்னு வயசான ஆள்கிட்டக் கேட்டு வைங்க. இதுக்கு மேல இங்க நேரம் போக்க வேணாம்.

8. இல்லமவும் அரிக்கிறதும்

கல்லு இருக்கிற சரளை மண்ணுதான் இல்லம, அதுக்குக் கீழ மக்கின பாறை, மலவ. இல்லம வந்ததும் பக்கச் சுரங்கம் வெட்டிக்கிட்டுப் போவாங்க. எந்தப் பக்கம் திரும்புனாங்க, ஏன் திரும்புனாங்கன்னு அன்னன்னைக்கே கேட்டு எழுதுங்க, மறு கிழமை கேட்டா "சரளை போன பக்கம் போனோம்"னு சுருக்கமாத்தான் வரும்.

மண் அடுக்க ஒரு பக்கமாப் படம் எடுத்து, ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு பிடி எடுத்துப் பொலித்தீன் பையில போட்டு, உள்ளுக்கு ஒரு பென்சில் அட்டை, வெளியில ஒரு அட்டைன்னு ரெண்டு போடுங்க. இல்லமவுல ஒரு பிடி எடுக்குறதுக்கு எல்லாப் பங்குக்காரரும் இருக்கும்போது கேட்டு, அவங்க முன்னாலயே அரிச்ச பிறகு மிச்சத்துல இருந்துதான் எடுக்கணும். அரிக்காத மண்ணுல கை வச்சா உங்க மேல இருக்கிற நம்பிக்கை அந்த நிமிஷமே போயிரும்.

அரிக்கிற நாள்ல எல்லாப் பங்குக்காரரும் நிப்பாங்க, யாரும் யாருக்கும் தெரியாம எடுக்க முடியாதபடிக்கு. வட்டிய தண்ணியில சுத்தி, லேசான மண்ண வெளியில விட்டு, பாரமானத நடுவுல சேர்க்குறதுதான் வேலை. கடைசியா மிஞ்சுறது நம்புவ. இங்க ரெண்டு கோணம் போதும்: மணிக்கட்டு தெரியிற மாதிரி பக்கத்துல இருந்து ஒண்ணு, வட்டிக்குள்ள மண் சுத்துறது தெரிய மேல இருந்து ஒண்ணு.

கல்லு கிடைச்சா அதப் படம் எடுக்காதீங்க. கேட்டு ஓம்னு சொன்னாலும் எடுக்காதீங்க, விலை பேசுறதுல அந்தப் படம் எங்க போய் யாருக்குப் பாதகமா முடியும்னு சொல்ல முடியாது. நீங்க பதிய வந்தது வேலைய.

9. பேச்சப் பதியிறது

குழி மேட்டுல சின்னச் சின்னக் கேள்வி, வீட்டுல நீளமான பேச்சு. ரெண்டும் வேணும். மேட்டுல பம்ப் சத்தத்துல நீளமாப் பேசினா எழுத்தாக்கும்போது பாதி கேக்காது, அதனால தேத்தண்ணி குடிக்க எஞ்சின் நிப்பாட்டுற நேரத்தப் பிடிச்சுக்குங்க.

"ஏன் அப்படிச் செய்யிறீங்க"ன்னு தொடங்குனா "அப்படித்தான் செய்யணும்"னு பதில் வரும். "அடுத்தது என்ன அண்ணே?", "இத விட்டுட்டா என்ன ஆகும்?", "மழைன்னா மாத்துவீங்களா?"ன்னு கேளுங்க, காரணம் தானா வரும். வயசான ஆளுங்க கையாலதான் பேசுவாங்க, அதனால குரல் மட்டும் பதியாம வீடியோவும் ஓடட்டும். சாமானக் கையில குடுத்துட்டுக் கேட்டா பேச்சு இன்னும் நல்லா வரும்.

குழிக்குள்ள மட்டும் பேசுற தனிச் சொற்கள் இருக்கு, சிங்களத்துல பத்தல் பாசைன்னு சொல்வாங்க. குழியில வெளிப்படையாச் சொல்லக் கூடாதுன்னு சில சாமானுக்கு மாத்துப்பேர். அதக் கேக்க உரிமை இருக்குன்னு நினைக்காதீங்க, அவங்களாச் சொன்னா எழுதுங்க, வெளியிடலாமான்னு தனியாக் கேளுங்க.

பேசின அன்னைக்கு ராத்திரியே ஒரு பக்கச் சுருக்கம் எழுதிருங்க. முழு எழுத்தாக்கம் பிறகு செய்யலாம், ஆனா அவர் கையைக் காட்டி "இந்த அளவு"ன்னது எந்த அளவுன்னு ஒரு கிழமையில மறந்துரும்.

10. சாமான எடுத்து வைக்கிறது

ஒரு சாமான் கைக்கு வந்ததும் முதல் வேலை கழுவுறது இல்ல. முதல்ல வந்த கோலத்துலயே போட்டோ, அட்டை, கொப்பியில ஒரு வரி: யார் குடுத்தது, எந்தக் குழி, எதுக்குப் பாவிச்சது, கடைசியா எப்போ பாவிச்சது. சேறு கூட ஒரு தகவல்தான், கொஞ்சத்தப் பையில போட்டு வைங்க.

ஈர மரம்: குழியில இருந்து வந்த கட்டையை வெயில்ல காய வச்சா ரெண்டு நாள்ல வெடிச்சிரும், வெளிப்பக்கம் சுருங்கி உள்பக்கம் ஊறியே இருக்கிறதால. நிழல்ல, ஈரச் சாக்கு சுத்தி, சாக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் காய விட்டு, மாசக்கணக்குல காய வைங்க. வெட்டு முனை ரெண்டும்தான் முதல்ல காயும், அதுல மெழுகு பூசுங்க. வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீங்க. பளபளன்னு ஆனதும் நல்லா இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா ஈரம் உள்ளுக்கு மாட்டிக்கும், கைபிடிச்ச தேய்மானமும் மறைஞ்சிரும்.

இரும்பு: அலவாங்கு, மண்வெட்டி, கூர எல்லாத்தையும் காஞ்ச பிரஷ்ஷால தட்டி, உதிர்ற துருவ மட்டும் எடுங்க. கிரைண்டர் போட்டு வெள்ளையாக்குனா கூர நுனியில இருக்கிற கீறல் எல்லாம் போயிரும். பிறகு மெழுகு லேசாத் தடவுங்க. பழைய எஞ்சின் ஒயில் பூசுற பழக்கம் நம்மகிட்ட நிறைய, அது தூசியப் பிடிச்சு வைக்கும், மரப்பிடிக்குள்ளயும் இறங்கும்.

வட்டி: ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்காதீங்க, வடிவம் கெட்டுரும், தனித்தனியாத் தட்டுல வைங்க. பூச்சி ஓட்டை தெரிஞ்சா பொலித்தீன் பையில காத்து வெளியேத்திக் கட்டி, டீப் ஃபிரீஸர்ல ரெண்டு கிழமை வைங்க. வெளியில எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், அப்பத்தான் வேர்க்கிற தண்ணி பைக்கு வெளியில நிக்கும், வட்டியில படாது.

மலைப்பக்கத்துல பூஞ்சணம்தான் பெரிய எதிரி. நுவரெலியா, ஹட்டன் ஈரத்துல கண்ணாடி அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கிறத விட, தரையில இருந்து ஒரு அடி உயர்த்தி, வெளிச்சுவர்ல ஒட்டாம, காத்தோடுற றாக்கையில வைக்கிறது நல்லது. பழைய தேயிலை ஸ்டோர் கட்டடம் கிடைச்சா மேல் மாடி, அதாவது கொழுந்து வாட்டுற மாடி, காத்துக்குன்னே கட்டினது. கீழ் மாடி ஈரம்.

11. மூடுற நாளும் உங்க வேலை நாள்தான்

எல்லாரும் போயிருவாங்க, நீங்க இருங்க. மரத்த எந்த வரிசையில கழட்டுறாங்க, எதக் கழட்டாம விடுறாங்கன்னு பாருங்க. கீழ இருந்து மேல மண் நிரப்பிக்கிட்டே கழட்டி வர்றதுல தப்புப் பண்ணினா சுவர் ஆள் மேல வரும், அதனால இதுலயும் கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. கழட்டின கட்டையில உங்க சட்ட இலக்கத்த சோக்கால எழுதி வச்சா, மண்ணுக்குள்ள இருந்த பக்கத்த இப்ப படம் எடுத்துக்கலாம், முன்ன பார்க்க முடியாத பக்கம் அது. குடுக்கச் சம்மதிச்சா ஒரு மூலைக்கு உரிய கட்டைகள முழுசா வாங்குங்க, தனிக்கட்டைய விட ஒரு மூலை பெறுமதி.

12. ஃபைல்கள ஒழுங்குபடுத்துறது, குடுக்க வேண்டிய இடத்துல குடுக்கிறது

போட்டோக்கள வாட்ஸ்அப்ல அனுப்பி அங்க இருந்து சேமிக்காதீங்க. அது படத்தச் சுருக்கிரும், எடுத்த திகதி விபரத்தையும் கழட்டிரும். கேபிள் போட்டு மூலப் படத்தையே எடுங்க, அனுப்பித்தான் ஆகணும்னா டொக்கியுமன்டா அனுப்புங்க.

ஃபைல் பேர் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி: வருஷம் மாசம் திகதி, குழி இலக்கம், வேலை, வரிசை எண். மூணு காப்பி வைங்க, ரெண்டு வேற வேற ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற ஆள்கிட்ட. மண்சரிவும் வெள்ளமும் வர்ற ஊர்ல மூணையும் ஒரே வீட்டுல வச்சா ஒண்ணு வச்ச மாதிரிதான்.

வெளியில போடுற படங்கள்ல இருந்து இட அடையாளத்த எடுத்துருங்க. போன் தானா அதப் பதிஞ்சு வச்சிருக்கும், நல்ல இல்லம இருக்கிற இடம்னு தெரிஞ்சா ராத்திரி களவா வெட்ட ஆள் வரும். முழு விபரம் உள்ள காப்பி காப்பகத்துல மட்டும் இருக்கட்டும்.

எங்க குடுக்கலாம்? தமிழ்ப் பதிவுகளுக்கு 'நூலகம்'ங்கிற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தோட பேசுங்க, மலையக ஆவணங்களும் அங்க சேருது. சாமானுக்கு இரத்தினபுரியில எஹெலபொல வளவுல இருக்கிற தேசிய நூதனசாலையக் கேட்டுப் பாருங்க. மண் அடுக்குக் குறிப்புகளோட ஒரு காப்பிய புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்கு அனுப்பலாம். குடுக்கும்போது எழுத்துல ஒரு பட்டியல் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்க, இரவலா நன்கொடையாங்கிறதையும் அதுல எழுதுங்க, பிறகு வர்ற சண்டை முக்கால்வாசி இதுலதான்.

குழி ஆளுங்களுக்குக் குடுக்க வேண்டியத முதல்ல குடுங்க. பாஸ் உன்னஹேக்கு அவர் சட்டம் போட்ட வீடியோ பென்டிரைவ்ல, அவர் திருத்தின படத்தோட பிரின்ட் ஒண்ணு, பேச்சோட எழுத்துப் பிரதி அவர் வாசிக்கிற பாஷையில. வாசிச்சுட்டு "இத எடுத்துரு"ன்னு சொன்ன இடத்த எடுத்த பிறகுதான் காப்பகத்துக்கு அனுப்பணும். வருஷத்துக்கு ஒரு தரம் ஹார்ட் டிஸ்க் ரெண்டையும் போட்டு, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரெண்டு மூணு ஃபைலத் திறந்து பாருங்க, ஓடாதது இருந்தா அன்னைக்கே மத்தக் காப்பியில இருந்து எடுத்துப் புது டிஸ்க்ல போட்டுருங்க.